காலேஜ் டீமுக்கு பிசியோவா போலாமா? பாலக்கோடு தங்கச்சிக்கு ஒரு பதில்

வந்த கேள்வி:

அக்கா வணக்கம். நான் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம், பேர் போட வேணாம். பிசியோதெரபி டிகிரி பிபிடி முடிச்சு இன்டர்ன்ஷிப்பும் முடிச்சிட்டேன். ஸ்கூல்ல இருந்தே கபடி ஆடுனவ, அதனால ஸ்போர்ட்ஸ் பக்கம்தான் போகணும்னு ஆசை. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு தனியார் காலேஜ்ல டீமுக்கு பிசியோ வேணும்னு கூப்டிருக்காங்க, பசங்க டீம் பொண்ணுங்க டீம் ரெண்டுக்கும், காலைலயும் சாயங்காலமும் மட்டும் வந்தா போதுமாம். பேசுறப்ப பிடி சார் "லேடீஸ் எஸ்கார்ட்டும் நீயே பாத்துக்கலாம்மா, மசாஜ் எல்லாம் வருமில்ல"ன்னு கேட்டாரு. தருமபுரில ஒரு கிளினிக்ல முழுநேர வேலையும் ரெடியா இருக்கு, அங்க மூட்டுவலி, பக்கவாதம்னு வழக்கமான கேஸ். அம்மா "ஆம்பள பசங்க காலை புடிச்சு விடுற வேலைக்கா உன்ன இத்தன வருஷம் படிக்க வெச்சோம்"னு ஒரே சத்தம், வரன் வேற பாத்துட்டு இருக்காங்க. இந்த லைன்ல ஒரு பொண்ணுக்கு எதிர்காலம் இருக்கா? அதுக்கு மேல மாஸ்டர்ஸ், எம்பிடி பண்ணணுமா? அமெரிக்காவுல காலேஜ் டீமுக்குன்னே அத்லெடிக் ட்ரெய்னர்னு தனி படிப்பு இருக்காமே, அதுக்கு ட்ரை பண்ணலாமா?

பதில்:

தங்கச்சி, நீ போற போக்குல எழுதிட்டு போன ஒரு வரில தான் உன் பிரச்சனை மொத்தமும் இருக்கு. எஸ்கார்ட்டும் நீயே, மசாஜும் நீயே. பிடி சார் கெட்டவர்னு நான் சொல்லல, அவருக்கு இந்த வேலைன்னா என்னன்னே தெரியாது, அவ்ளோதான். நம்ம அரசு கலைக் கல்லூரிகள்ல உடற்கல்வி இயக்குநர்னு போஸ்ட் இருக்கு, டீம் பிசியோன்னு ஒரு போஸ்ட் கிடையாது. பெரியார் யுனிவர்சிட்டி ஜோன் மேட்ச்ல கப் அடிக்கணும், முதலமைச்சர் கோப்பைல பேர் வரணும்னு நினைக்கிற ஒன்னு ரெண்டு தனியார் காலேஜ் தான் இப்ப ஆள் தேட ஆரம்பிச்சிருக்கு. அவங்களும் சென்னைலயோ கோயமுத்தூர்லயோ எதிர் டீமோட ஒரு பிசியோ பெட்டிய தூக்கிட்டு வந்ததை பாத்துட்டு "நமக்கும் ஒன்னு வேணும்"னு கேக்குறவங்கதான். அதனால நீ முதல் மாசம் என்ன செய்றியோ அதுதான் அந்த வேலைன்னு ஆகிப்போகும். முதல் மாசம் சாப்பாட்டு பொட்டலம் எண்ணுனா வருஷம் பூரா எண்ணிட்டே இருக்க வேண்டியதுதான்.

போ. ஆனா எழுத்துல வாங்கிட்டு போ.

எதை எழுத்துல வாங்கணும்னா, சம்பளம் லீவு எல்லாம் எல்லாரும் கேப்பாங்க, அது இருக்கட்டும், முக்கியமா ஒரே ஒரு விஷயம்: அடிபட்ட ப்ளேயர் அன்னிக்கு இறங்கலாமா கூடாதான்னு முடிவு பண்றது யாரு. இது ஆர்டர்ல இல்லன்னா நீ வெறும் டேப் ஒட்டுற பொண்ணு. செமி ஃபைனல், மெயின் ரெய்டருக்கு கணுக்கால் வீங்கி இருக்கு, பிடி சார் "டேப்ப போட்டு அனுப்பும்மா, ஃபைனல்ல ரெஸ்ட் குடுத்துக்கலாம்"பாரு. அந்த நேரத்துல உன்கிட்ட பேப்பர் இல்லன்னா பேச்சுக்கு மதிப்பில்ல, அதுவும் 23 வயசு பொண்ணு பேச்சுக்கு. ஆர்டர்ல ஒரு வரி போதும், "காயம் சம்பந்தமா விளையாட அனுமதிக்கறது பிசியோ முடிவு, டாக்டர் பாத்திருந்தா டாக்டர் முடிவு". இத போட மாட்டேன்னா அந்த காலேஜ் வேணாம், நேரா தருமபுரி கிளினிக்குக்கே போயிரு.

அதே சமயம் அவர் பக்கமும் பாரு. சீட்டு குடுத்து, ஹாஸ்டல் ஃப்ரீ குடுத்து கூட்டிட்டு வந்த பசங்க, கப் எங்கன்னு மேனேஜ்மென்ட் அவரத்தான் கேக்கும். பிடிங்களுக்கு சுத்தமா புடிக்காத வார்த்தை "ரெஸ்ட் எடுக்கட்டும் சார்". எதுனாலன்னா அதுக்கு முடிவு தேதி இல்ல. நீ தேதியோட பேசு: "இன்னிக்கும் நாளைக்கும் இல்ல சார், வியாழக்கிழமை நேரா ஓடலாம் ஆனா கட்டிங், அதாவது திடீர்னு திசை மாத்தி ஓடறது வேணாம், சனிக்கிழமை ஒத்தைக் கால்ல எகிறி இறங்க விட்டு பாக்குறேன், வலி இல்லன்னா இறக்கிக்கலாம்." இப்படி சொன்னா பாதி பிடிங்க சண்டைக்கே வர மாட்டாங்க, ப்ளான் போட ஆரம்பிச்சிருவாங்க.

எஸ்கார்ட் விஷயத்துக்கு வரேன். பொண்ணுங்க டீம் வெளியூர் போனா கூட ஒரு லேடி போகணும், நியாயம்தான், நீ அந்த பஸ்லதான் போகப் போற. ஆனா அந்த பொறுப்பு பேப்பர்ல ஒரு லேடி லெக்சரர் பேர்ல இருக்கணும். காரணம் சிம்பிள், கடைசி அஞ்சு நிமிஷம் ஸ்கோர் சமமா நிக்கிறப்ப ஒரு பொண்ணு தலைசுத்துதுன்னு உக்காந்தா நீ கோர்ட் ஓரத்துல இருக்கணும், ரூம் சாவி குடுக்க ஆபீஸ் வாசல்ல நிக்கக் கூடாது.

மசாஜ்: தெரியும்னு சொல்லு, தேவைப்பட்டா பண்ணுவேன்னு சொல்லு, தினம் வரிசைல படுக்க வெச்சு எண்ணெய் தேய்க்கிற ஆள் இல்லன்னு முதல் நாளே சிரிச்சிட்டே சொல்லிரு. இதுக்கு மேல அதுல பேச ஒன்னுமில்ல.

உன்ன அந்த காலேஜ்ல நிரந்தரமாக்கப் போறது ஒரு நோட்டு. எக்செல்லா இருந்தாலும் சரி, நாப்பது பக்க நோட்டா இருந்தாலும் சரி. யாருக்கு, எந்த தேதி, எந்த இடம், ப்ராக்டிஸா மேட்சா, மண்ணா மேட்டா, எத்தன நாள் வெளிய உக்காந்தாங்க, எப்ப திரும்ப இறங்குனாங்க. இதுல இருந்து என்னெல்லாம் வரும்னு நீ எழுத ஆரம்பிச்சாதான் தெரியும். நம்ம பக்கம் கபடி பசங்க பொண்ணுங்க எல்லாம் மண்ணுல வெறுங்கால்ல பழகுறவங்க, பெரிய டோர்னமென்ட் போனா மேட், கால்ல ஷூ. மண்ணுல கால் லேசா வழுக்கும், மேட்ல ஷூ அப்படியே புடிச்சிக்கும், பாதம் நிக்கும் உடம்பு திரும்பும், நடுவுல மாட்டுறது முட்டி. உன் நோட்டுல முட்டி கேஸெல்லாம் மேட் மேட்ச்ல தான் வருதுன்னு ரெண்டு சீசன் சேர்ந்தாப்ல தெரிஞ்சா நீ பிரின்சிபால் ரூமுக்கு போய் "டோர்னமென்ட்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ப்ராக்டிஸ்க்கு மேட் வேணும் சார்"னு கேக்கலாம், கைல பேப்பர் இருக்கும். வருஷ கடைசில "போன வருஷம் இத்தன ப்ளேயர் நாள் போச்சு, இந்த வருஷம் இத்தன"ன்னு ஒரே பக்கத்துல காட்டு. வேற எந்த சர்டிபிகேட்டும் அந்த வேலைய செய்யாது. ஒன்னு மட்டும், அந்த நோட்ட பூட்டி வை. யாருக்கு பீரியட்ஸ் வரல, யாருக்கு ரத்தம் கம்மிங்கறதெல்லாம் பிடி சார் டேபிள்ல கெடக்கக் கூடாது, அவருக்கு போக வேண்டியது இறங்கலாமா கூடாதா, எந்த தேதிக்குங்கறது மட்டும்தான்.

பசங்க டீம் பத்தி அம்மா கத்துறாங்கல்ல, அம்மாகிட்ட ஒரே கேள்வி கேளு, ஜிஎச்ல நர்ஸம்மா ஆம்பளைங்களுக்கு ஊசி போடறதில்லையா, கட்டு கட்டறதில்லையா. அதுக்கு மேல வாதம் பண்ணாத, வேல செய்யாது. ஆனா அம்மா பயத்துல ஒரு பங்கு உண்மை இருக்கு, அதுக்கு உன்கிட்ட ஒரு முறை இருக்கணும். ட்ரீட்மென்ட் ரூம் கதவு எப்பவும் திறந்திருக்கணும். தொடையோ இடுப்போ பாக்கணும்னா மூணாவது ஆள் ஒருத்தர் ரூம்ல இருக்கணும், பையனுக்கு டவல் குடு, தொடறதுக்கு முன்னாடி எங்க தொடப் போறேன், எதுக்குன்னு சொல்லிட்டு தொடு, அவன் வேணாம்னா விட்டுரு. இது பசங்களுக்கும் பாதுகாப்பு உனக்கும் பாதுகாப்பு. இடுப்பு மடிப்புல வலின்னு ஒரு பையன் ரொம்ப நாளா சொல்லாம நொண்டிட்டு இருப்பான், பொம்பளகிட்ட எப்படி சொல்றதுன்னு வெக்கம். முதல் வாரமே மொத்த டீமையும் உக்கார வெச்சு உடம்புல எங்க வலிச்சாலும் சொல்லலாம், எனக்கு எல்லாமே எலும்பும் தசையும்தான்னு நேரா பேசிரு. ஒரு தடவ வெக்கம் போச்சுன்னா அப்புறம் அவங்களே வருவாங்க. கேப்டன் முதல்ல வந்து படுத்தா மத்தவன் எல்லாம் பின்னாடியே வருவான், அதனால கேப்டன முதல்ல புடி.

பசங்க அக்கான்னு கூப்ட்டா விடு, நல்லதுதான். பிடி சாரும் ஆபீஸ் ஸ்டாஃபும் மேடம்னு கூப்டணும், "ஏ பாப்பா"வெல்லாம் முதல் தடவையே மெதுவா திருத்திரு. வாட்ஸ்அப்ல தனித்தனியா ராத்திரி மெசேஜ் வேணாம், பிடி சாரும் இருக்குற ஒரு குரூப், அதுல எல்லாம். அப்புறம் ஒன்ன தெரிஞ்சு வெச்சுக்கோ: பெண்கள் மீதான பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி 10 பேரோ அதுக்கு மேலயோ வேல செய்ற இடத்துல உள் புகார் குழு இருந்தே ஆகணும், டூர் போற இடமும் காலேஜ் ஏற்பாடு பண்ணுன பஸ்ஸும் கூட வேலையிடம்தான், புகார் குடுக்க 3 மாசம் டைம். அந்த குழுவுல யார் இருக்காங்கன்னு சேர்ற அன்னிக்கே கேட்டு வெச்சுக்கோ, கேக்குறதே ஒரு செய்தி.

இப்ப பொண்ணுங்க டீம். என்னைக் கேட்டா உன் எதிர்காலமே இங்கதான் இருக்கு, நம்ம மாவட்டங்கள்ல யாரும் கை வைக்காத இடம் இது.

ஒரே விளையாட்ட ரெண்டு பேரும் ஆடுனா பொண்ணுங்களுக்கு ஏசிஎல், அதாவது முட்டிக்குள்ள இருக்கற முக்கியமான தசைநார், அறுந்து போறது பசங்கள விட 2ல இருந்து 8 மடங்கு அதிகம்னு ஆய்வுகள் சொல்லுது. இடுப்பு அகலம், ஹார்மோன்னு நிறைய காரணம் சொல்வாங்க, அதெல்லாம் நம்ம கைல இல்ல. நம்ம கைல இருக்கறது எகிறி இறங்குறப்ப முட்டி உள்பக்கம் சாயறது, இடுப்பு தசைல பலம் இல்லாதது, பின்தொடைல பலம் இல்லாதது. பசங்களுக்கு எட்டாவதுல இருந்தே யாராச்சும் ஒரு மாஸ்டர் எகிற, விழ, உருள சொல்லிக் குடுத்திருப்பாரு, பொண்ணுங்க பாதி பேரு காலேஜ் வந்துதான் முதல் தடவையா ஒழுங்கா ஸ்குவாட்டே போடுவாங்க. ஃபுட்பாலுக்குன்னு ஃபிஃபா கொண்டு வந்த 11 ப்ளஸ் வார்ம் அப் இருக்கே, 20 நிமிஷம், பெருசா பொருள் ஒன்னும் வேணாம், அத ஒழுங்கா பண்ற டீம்கள்ல காயம் நல்லா குறைஞ்சிருக்கு. அத கபடிக்கு தகுந்த மாதிரி நீயே மாத்திக்கலாம், நீ ஆடுனவ, ரெய்டரோட கணுக்கால புடிக்கிற ஆங்கிள் ஹோல்ட் போடறப்ப எந்த கால் எங்க நிக்கும்னு என்னை விட உனக்கு நல்லா தெரியும். வாரத்துக்கு ரெண்டு தடவையாச்சும் விடாம பண்ண வை. ஏற்கனவே அறுந்து ஆபரேஷன் ஆன பொண்ண 9 மாசம் ஆகாம இறக்காத, யார் சொன்னாலும் சரி.

அடுத்தது ரத்தம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 15 வயசுல இருந்து 49 வரைக்கும் உள்ள பொண்ணுங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை. உன் டீம்ல மட்டும் இல்லாமலா இருக்கும்? "அவ சோம்பேறி மேடம், ரெண்டாவது ஆஃப்ல நடக்கறா"ன்னு பிடி சார் சொல்ற பொண்ணுக்கு ஹீமோகுளோபின் 9 இருக்கும். 12க்கு கீழ போனாலே ரத்தசோகைன்னு கணக்கு. சீசன் ஆரம்பத்துல மொத்த டீமுக்கும் ஹீமோகுளோபின் பாரு, பிஎச்சிலயே பாக்கலாம், முடிஞ்சவங்களுக்கு ஃபெரிட்டினும் பாரு, ஹீமோகுளோபின் சரியா இருந்தும் இரும்பு சேமிப்பு காலியா இருக்கறதுண்டு. மாத்திரைய டாக்டர் எழுதட்டும், நீ கவனிக்க வேண்டியது அவ அத டீ கூட முழுங்கறாளான்னு. டீ இரும்ப உடம்புல சேர விடாது, நம்ம ஹாஸ்டல் புள்ளைங்க டிபனுக்கே டீதான்.

சாப்பாடு அடுத்த கதை. காலைல 4:45க்கு எழுந்து பஸ் புடிச்சு ஆறு மணிக்கு கிரவுண்ட், வெறும் வயிறு, எட்டரைக்கு கிளாஸ், முதல் சாப்பாடு பதினொன்னுக்கு ஒரு பன். இதுல டோர்னமென்ட்டுக்கு எடை போடுற நாளுக்கு முன்னாடி ரெண்டு நாள் பட்டினி. செலவுக்கு தகுந்த சக்தி உள்ள போகலன்னா உடம்பு முதல்ல நிறுத்தறது பீரியட்ஸ, அப்புறம் எலும்பு. 2014ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதுக்கு ரெட்-எஸ்னு பேர் வெச்சுது. மூணு மாசம் வரலன்னா "ப்ராக்டிஸ் அதிகம், அதான், நல்லதுதானே அக்கா, தொல்லை இல்ல"ன்னு பொண்ணுங்களே சிரிச்சிட்டு சொல்லும், நீ சிரிக்காத, லேடி டாக்டர்கிட்ட அனுப்பு. முழங்காலுக்கு கீழ முன்னெலும்புல ஒரே புள்ளில அமுக்குனா வலி, ராத்திரியும் வலின்னா எலும்புல கீறலான்னு சந்தேகப்படு, ஓட விடாத. சாப்பாட்டுக்கு புரோட்டீன் பவுடர் எழுதிக் குடுக்காத, அந்த வீட்டுல வாங்க மாட்டாங்க, வாங்குனா கடன்ல வாங்குவாங்க. நம்ம ஊர்ல களி இருக்கு, 100 கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், கூட கடலை, முட்டை, கொள்ளு ரசம், முருங்கைக்கீரை. கிரவுண்டுக்கு வர முன்னாடி ரெண்டு வாழப்பழம், முடிச்சதும் அரை மணிக்குள்ள வேகவெச்ச கடலையும் முட்டையும், இத காலேஜ் செலவுல குடுக்க வை, அது நீ ஜெயிக்கற முதல் சண்டையா இருக்கட்டும். ரெண்டாவது சண்ட கிரவுண்ட் பக்கத்துல பொண்ணுங்களுக்கு பாத்ரூம். பாத்ரூம் இல்லாததால காலைல இருந்து தண்ணி குடிக்காம ஆடுற பொண்ணுக்கு தசை புடிக்குதுன்னு நீ ஸ்ட்ரெட்ச் சொல்லிக் குடுத்து என்ன ஆகப் போகுது.

இந்த விஷயத்தெல்லாம் ஒரு ஆம்பள பிசியோகிட்ட நம்ம ஊரு பொண்ணுங்க வாய் திறக்கவே மாட்டாங்க. நீ பொண்ணா இருக்கறது இங்க தடையே இல்ல, உன் தகுதியே அதுதான்.

எமர்ஜென்சி கொஞ்சம். சிபிஆர், இதயம் நின்னா நெஞ்ச அமுக்கி உயிர் காப்பாத்தற முதலுதவி, பழக்கத்துல இருக்கணும், வருஷா வருஷம் திரும்ப பயிற்சி எடு. ஏப்ரல் மே வெயில்ல ஒருத்தர் உளற ஆரம்பிச்சு உடம்பு நெருப்பா கொதிச்சா 108க்கு போன் போட்டுட்டு வண்டி வர வரைக்கும் சும்மா நிக்காத, அங்கயே தண்ணி, ஐஸ், பெரிய டப்பு இருந்தா அதுலயே உக்கார வை, முதல்ல குளிர வைக்கணும், அப்புறம்தான் ஏத்தணும். கணுக்கால் பெசகுனா நாலு அடி வைக்க முடியலையா, கணுக்கால் முட்டெலும்போட பின் ஓரத்துல அமுக்குனா வலிக்குதான்னு பாரு, ரெண்டுல ஒன்னு இருந்தாலும் எக்ஸ்ரே. வீட்டுல புத்தூர் கட்டுக்கு கூட்டிட்டு போறேன்னு நிப்பாங்க, நம்ம பக்கம் அது இல்லாம இருக்காது, அவங்ககூட மல்லுக்கு நிக்காத, "எக்ஸ்ரே எடுத்துட்டு போங்க"ன்னு மட்டும் அடம்புடி. படத்துல எலும்பு விலகி இருக்கறத பாத்தா பாதி பேரு தானாவே ஆர்த்தோகிட்ட போயிருவாங்க.

படிப்பு. எம்பிடி ஸ்போர்ட்ஸ் பண்ணு, ஆனா உடனே இல்ல. ஒரு ரெண்டு வருஷம் கிரவுண்ட்ல நின்னுட்டு போனா அங்க சொல்றது எல்லாம் முகம் முகமா ஞாபகம் வரும். அதுக்குள்ள லீவுல போரூர் ராமச்சந்திராவுல ஸ்போர்ட்ஸ் மெடிசினுக்குன்னே தனி மையம் இருக்கு, பெங்களூர்ல இந்திய விளையாட்டு ஆணையத்தோட சாய் மையம் இருக்கு, பாத்து கத்துக்க சான்ஸ் கேட்டு எழுது. உனக்கு பெங்களூர் ஒன்னும் தூரமில்ல, பாலக்கோட்டுலயே ரயில் ஏறுனா ராயக்கோட்டை ஓசூர் வழியா போயிரும். 2021ல துணை மருத்துவ படிப்புகளுக்குன்னு தேசிய கமிஷன் சட்டம் வந்திருக்கு, பிசியோவும் அதுல வருது, ரெஜிஸ்ட்ரேஷன் விஷயத்த தள்ளிப் போடாத.

அமெரிக்கா கேட்ட. அங்க அத்லெடிக் ட்ரெய்னர்ங்கறது பிசியோ இல்ல, தனித் தொழில். அங்க அங்கீகாரம் உள்ள மாஸ்டர்ஸ் படிச்சு, அப்புறம் போர்டு எக்ஸாம் எழுதணும், நம்ம பிபிடிய காட்டுனா நேரா லைசென்ஸ் குடுக்க மாட்டாங்க. செலவு பெருசு, அப்பா நிலத்த அடமானம் வெச்சு போற அளவுக்கு நான் சொல்ல மாட்டேன், ஸ்காலர்ஷிப் கிடைச்சா போ. ஆனா அவங்க கதைய தெரிஞ்சுக்கோ. அங்க அவங்க சங்கம் ஆரம்பிச்சது 1950ல, முதல் பொம்பள மெம்பர் டோரதி கோஹன் சேர்றதுக்கு 1966 ஆச்சு, ஜூலி மேக்ஸ்னு ஒரு பொம்பள தலைவர் ஆகறதுக்கு 2000 ஆச்சு. இன்னிக்கு அந்த சங்கத்துல பாதிக்கு மேல பொண்ணுங்க. அப்படியும் பெரிய காலேஜ்கள்ல தலைமை சீட்ல ஆம்பளைங்க தான் அதிகம்ங்கறதையும் சேத்து சொல்லிடறேன், நாளைக்கு நீ ஏமாந்துறக் கூடாதுல்ல.

பணம். காலேஜ் பார்ட் டைம் சம்பளத்துல மட்டும் காலம் தள்ள முடியாது. ப்ராக்டிஸ் எட்டரைக்கு முன்னாடியும் நாலு மணிக்கு மேலயும், நடுவுல உனக்கு ஏழரை மணி நேரம் கெடக்கு. அதுக்கு தருமபுரி கிளினிக் சரிப்படாது, பாலக்கோட்டுல இருந்து காலைல கிருஷ்ணகிரி, பகல்ல தருமபுரி, திரும்ப சாயங்காலம் கிருஷ்ணகிரின்னா பஸ்லயே ஆயுசு போயிரும். கிருஷ்ணகிரிலயே ஒரு கிளினிக்ல பகல் ஷிப்ட் கேளு, அந்த மூட்டுவலியும் பக்கவாதமும் கேவலமில்ல, கைப்பக்குவம் அங்கதான் வரும். காலேஜ்ல அடிபட்ட பசங்களோட அப்பா அம்மாவே அப்புறம் இடுப்புவலின்னு உன்கிட்ட வருவாங்க பாரு. கிருஷ்ணகிரிலயே ரூம் எடுக்கறதுக்கு அம்மா ஒத்துக்கலன்னா, ஒரு லேடீஸ் ஹாஸ்டல அம்மாவையே கூட்டிட்டு போய் காட்டு.

வரன் வந்தா முதல் பேச்சுலயே சொல்லிரு, சனி ஞாயிறு டோர்னமென்ட் இருக்கும், ராத்திரி பஸ் இருக்கும். ஜாதகத்தோட சேத்து இதையும் பொருத்தம் பாக்கட்டும்.

ஆர்டர் வந்ததும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போட்டோ அனுப்பு, பாத்து சொல்றேன். அப்புறம் ஐஸ் பாக்ஸ், டேப், க்ரேப் பேண்டேஜ், கத்தரி எல்லாத்துக்கும் லிஸ்ட் போட்டு காலேஜ்லயே வாங்க சொல்லு, முதல் மாச சம்பளத்துல நீ வாங்கிட்டு நிக்காத, அப்புறம் எப்பவும் உன் காசுதான்.